பாட்காஸ்ட்டும் அந்தரங்கமும்

கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைப் பேசினாலும், அதற்கேற்ற விளம்பரம் சற்று நேரத்தில் திரையில் வந்து நிற்கிறது என்று பலர் அச்சத்தோடு சொல்லக் கேட்கிறோம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைப் பரிசோதித்து, உரிமையாளர் அறியாமல் ஒலிவாங்கியைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதற்கு அவற்றில் சான்று இல்லை என்று கண்டார்கள். சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமெடுத்து மூன்றாமவருக்கு அனுப்பியதைத்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே இந்த அச்சம் இடம் மாறி நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கும் சிரமம் விளம்பர வியாபாரத்துக்குத் தேவையே இல்லை. நாம் எதைக் கேட்கிறோம் என்று அறிந்தாலே அதற்குப் போதும். பாட்காஸ்ட் அதற்குத் தக்க உதாரணம்.

2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்னும் அமெரிக்க மென்பொருள் வல்லுநர், ஆடம் கரி என்னும் ஒலிபரப்பாளரின் யோசனையை ஏற்று, ஆர்.எஸ்.எஸ். என்று வழங்கும் செய்தியோடையில் ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்புவதற்கு ஒரு சிறு குறியை ஏற்படுத்தினார். 2004 பிப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் பாட்காஸ்ட் என்ற பெயர் தோன்றியது; 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸில் அதற்கு இடம் அளித்தது. பேசுகிறவர் தம் ஒலிக்கோப்பை ஒரு சர்வரில் வைத்து, அதன் முகவரியை ஓடையில் எழுதிவிடுகிறார். கேட்பவரின் செயலி அந்த முகவரிக்கு நேரே சென்று கோப்பை எடுத்துவருகிறது. நடுவில் எவருடைய அனுமதியும் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம் என்ற இந்த அமைப்பே, ஊரறியாத எத்தனையோ குரல்கள் பெரிய நிலையங்களின் வாசலில் காத்துநிற்காமல் உலகத்தின் காதுக்கு எட்டக் காரணமாயிற்று.

நம் நாட்டில் 1980கள் வரை வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் பெறவேண்டியிருந்ததை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அப்போது அரசாங்கத்துக்குப் பெட்டி யாருடையது என்று தெரிந்தது. அந்தப் பெட்டியில் எந்த நிலையத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்பது ஒருபோதும் தெரிந்ததில்லை. பாட்காஸ்ட்டில் அந்த நிலைமை தலைகீழாகிவிட்டது. ஒரு கோப்பைக் கேட்டு வாங்கும்போது, அதை எங்கே அனுப்புவது என்பதற்காகக் கேட்பவரின் ஐ.பி. முகவரியும், எந்தச் செயலி, எவ்வகைக் கருவி என்ற குறிப்பும் சர்வருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இதில் வஞ்சனை ஏதும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து, ஒரே முகவரியிலிருந்து ஒரே செயலி 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை வந்தாலும் ஒரு பதிவிறக்கமாகவே கொள்வது என்றும், குறைந்தது ஒரு நிமிஷ அளவு ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும் என்றும் விளம்பரத் துறையின் பொதுச் சங்கமாகிய ஐ.ஏ.பி. விதி வகுத்திருக்கிறது. உழைத்துப் பேசுகிறவர் தம்மை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அறிய விரும்புவது நியாயமே. அந்த எண்ணிக்கையை நான் குறைகூறவில்லை.

குறைகூற வேண்டியது அதற்கு மேல் எழுப்பப்பட்ட மாடியைத்தான். ஓடையில் எழுதப்படும் கோப்பு முகவரியின் முன்னால், கணக்கெடுக்கும் நிறுவனம் ஒன்றின் முகவரியை ஒட்டிவிடுகிறார்கள். கேட்பவரின் செயலி முதலில் அந்நிறுவனத்திடம் போய், அங்கே தன் ஐ.பி. முகவரியைப் பதியவைத்து, பிறகுதான் உண்மையான கோப்புக்கு அனுப்பப்படுகிறது. இவ்விதம் இரண்டு மூன்று நிறுவனங்களை வரிசையாகக் கோத்துவிடுவதும் உண்டு. மற்றொரு பக்கம், பொருள் விற்கும் கம்பெனி தன் இணையதளத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு நிரலை வைத்து, அங்கே வருபவரின் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்கிறது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சியை இறக்கிய வீட்டிலிருந்தே இன்ன பொருள் வாங்கப்பட்டது என்று தீர்மானிக்கிறார்கள். மொபைல் இணைப்பில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வது உண்டாதலால் அங்கே இந்த ஒப்பீடு தடுமாறும். வீட்டு பிராட்பேண்டிலோ முகவரி பல நாள் மாறாமல் நின்று, அவ்வீட்டார் அனைவருக்கும் பொதுவான அடையாளமாகிவிடுகிறது. கடன் தொல்லையைப் பற்றியோ, விவாகரத்தைப் பற்றியோ, வெளியே சொல்லக் கூசும் ஒரு நோயைப் பற்றியோ ஒரு பெண் தனியறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டது, அவள் கணவனும் பிள்ளைகளும் உபயோகிக்கும் அதே முகவரியின் பேரில், அவள் பெயரைக்கூடக் கேட்டறியாத ஒரு நிறுவனத்தின் ஏட்டில் ஏறுகிறது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எனக்கு இது பொறுக்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

இந்தத் தொழில் எப்படித் திரண்டது என்பதற்கு ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் கொள்முதல்களே சாட்சி. 2019இல் கிம்லெட் என்னும் தயாரிப்பு நிறுவனத்தையும் ஆங்கர் என்னும் சேவையையும், 2020 நவம்பரில் 23.5 கோடி டாலருக்கு மெகாஃபோன் என்னும் விளம்பர, வெளியீட்டு நிறுவனத்தையும், 2022 பிப்ரவரியில் பாட்சைட்ஸ், சார்ட்டபிள் என்னும் இரு கணக்கெடுப்பு நிறுவனங்களையும் அது வாங்கியது. பேசுமிடம், விற்குமிடம், எண்ணுமிடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தபின், எண்ணுகிறவர் நடுநிலையாளர் என்று சொல்ல இடமில்லை.

2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில், செயலிகள் உங்களைப் பின்தொடரலாமா என்று கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தபோது விளம்பர உலகம் அதிர்ந்தது உண்மை. அதனால் தனக்கு 2022இல் 1,000 கோடி டாலர் அளவுக்கு வருமானம் குறையலாம் என்று மெட்டா நிறுவனமே சொல்லிற்று. ஆனால் வேண்டாம் என்று அழுத்தியவர் தாம் முழுவதும் காக்கப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. அந்தப் பெட்டி முக்கியமாக மறைப்பது கருவியின் விளம்பர அடையாள எண்ணை. ஓடை வழியே கோப்பு இறங்கும்போது சர்வருக்குப் போகும் ஐ.பி. முகவரி அதன் ஆளுகைக்கு அப்பாற்பட்டது. இணையும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடிய ஐ.பி. முகவரியும்கூடத் தனிமனிதத் தகவலாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபரிலேயே தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமித்துச் சொன்னார்கள்.

விளம்பரமின்றி நிகழ்ச்சி வாழ முடியாதே என்று கேட்கலாம். பேசுகிறவரே தம் வாயால் ஒரு பொருளைச் சிபாரிசு செய்து, வாங்குகிறவர் விரும்பினால் சொல்வதற்கென்று ஒரு தள்ளுபடிக் குறியீட்டைக் கொடுக்கும் முறை பாட்காஸ்ட்டில் நெடுநாளாக நடந்துவருகிறது. அங்கே விளம்பரதாரருக்குப் பலன் தெரிகிறது. தெரிவிப்பவர் கேட்டவரே, தம் இஷ்டத்தின் பேரில். இதைவிட யோக்கியமான அளவுகோல் என்ன வேண்டும்?

கேட்பவர் செய்யத்தக்கவை சில உண்டு. ஆன்டெனாபாட் போன்று தொண்டர்கள் நடத்தும், கணக்குக் கேளாத திறந்த மூலச் செயலியை உபயோகிக்கலாம். ஆண்ட்ராய்டு அமைப்பில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஓடை இன்னும் திறந்த ஏடாகவே இருப்பதால், அதைக் கணினியில் திறந்து பார்ப்பவருக்குக் கோப்பு முகவரியின் முன் ஒட்டியுள்ள நிறுவனங்களின் பெயர்கள் தெளிவாகப் புலப்படும். எனினும் பெரும்பொறுப்பு தயாரிப்பவருடையது. தன் நிரலையும் கணக்கையும் பொதுவில் வைத்து நடக்கும் ஓ.பி.3 போன்ற கணக்கெடுப்பு முறையும் இருக்கிறது. இலவசமாக இடம் தரும் நிறுவனங்களில் நிகழ்ச்சியை ஏற்றும் நம் தமிழ்ப் பேச்சாளர்கள், கேட்பவரின் முகவரி எவரெவர் கைக்குப் போகிறது என்று அந்நிறுவனத்தை முதலில் விசாரித்து, கிடைத்த விடையை ஒவ்வொரு நிகழ்ச்சிக் குறிப்பின் தலைப்பிலும் எழுதிவிட வேண்டும்.