அந்த அழுகை கோபமா, பயமா?

கண்ணு, உன் கடிதம் கிடைத்தது. "அண்ணன் பாத்திரம் துலக்கினால், 'ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா இந்த வேலை'ன்னு பாட்டி திட்டுறாங்க. ஏன் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சபாஷ்! நல்ல கேள்வி. பெயர் எழுத மறந்துவிட்டாய். நீ தம்பியா, தங்கையா என்று தெரியவில்லை. அதனால்தான் 'கண்ணு' என்றேன். அது எல்லாருக்கும் பொருந்துமே!

ஒரு சோதனையைச் சொல்கிறேன், கேள். 1976-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு படத்தை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ஒன்பது மாதக் குழந்தை. எதிரே ஒரு பெட்டி. திடீரென்று உள்ளிருந்து ஒரு பொம்மை துள்ளி எழுகிறது. குழந்தை அழுகிறது.

பார்த்தவர்களில் சிலரிடம் "இது பையன்" என்றார்கள். மற்றவர்களிடம் "இது பொண்ணு" என்றார்கள். பையன் என்று நினைத்தவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது. பெண் என்று நினைத்தவர்களுக்கோ பயமாகத் தெரிந்தது.

ஒரே குழந்தை. ஒரே அழுகை. எது மாறியது, சொல் பார்க்கலாம்? ஆமாம், பார்த்தவர்களின் எண்ணம்தான்!

இப்போது யோசி. பயந்த பிள்ளையை அள்ளி அணைப்போம். கோபப்படும் பிள்ளையை "சிங்கக்குட்டி!" என்போம். தினமும் இப்படி நடந்தால் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? பள்ளியில் சேர்ந்த முதல் நாள் மணி அடித்தபோது திருதிருவென்று விழித்தாய் அல்லவா? இப்போது மணிச் சத்தம் கேட்டதும் கை தானாகப் பையைத் தூக்குகிறது. 'இது பையன் வேலை, இது பெண் வேலை' என்பதும் அப்படிப் படிந்த பழக்கம்தான். பாட்டியும் சின்ன வயதில் அப்படித்தான் பழகியிருப்பார். அவரைக் கோபிக்காதே.

அடுத்த முறை கல்யாண வீட்டுக்குப் போனால் சமையல்கட்டை எட்டிப் பார். அண்டா முன்னால் கரண்டியோடு நிற்பவர் பெரும்பாலும் ஆண்தான். வீட்டில் 'பொம்பள வேலை' என்று சொல்லும் அதே சாம்பார்தான் அங்கேயும் கொதிக்கிறது!

தெருக்கூத்து பார்த்திருக்கிறாயா? மீசையை மழித்துச் சேலை கட்டிய அண்ணன் திரௌபதியாக வந்து நம்மை அழவைப்பார். நடை, குரல், பார்வை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படி, கண்ணு. வேடம் வேறு, 'நான் யார்' என்ற உணர்வு வேறு. பிறந்தபோது ஆண் என்று சொல்லப்பட்ட சிலர், உள்ளுக்குள் தம்மைப் பெண்ணாக உணர்வார்கள். அவர்கள் திருநங்கைகள். பெண் என்று சொல்லப்பட்டு, ஆணாக உணர்பவர்கள் திருநம்பிகள். சில மாம்பழங்கள் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். தோலை வைத்துக் 'காய்' என்று சொல்லிவிட முடியுமா? இந்த உணர்வு அரிதாரம் போலக் கழுவினால் போவதில்லை. இது நோயும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில், இது மனநோய்களின் வரிசையில் இல்லை.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் அம்மா ஒரு திருநங்கை. சிறு வயதில் கேலியும் புறக்கணிப்பும் அவரை மிகவும் வருத்தின. நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவர் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் பரதம் கற்றார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்தான்.

சரி, உனக்கு ஒரு வேலை. பக்கத்து வீட்டுக் குழந்தையை யாராவது கொஞ்சும்போது காது கொடுத்துக் கேள். பையனை என்ன சொல்லிக் கொஞ்சுகிறார்கள்? பெண்ணை என்ன சொல்லி? ஒரு வாரம் நோட்டில் குறித்து எனக்கு அனுப்பு. இந்த முறை மறக்காமல் பெயர் எழுது!