தாளுக்குத் திசை, துணிக்குக் கட்டம்

பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். அடுத்து, இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். ஒரு வாட்டில் கோடு போட்டதுபோல நேராகக் கிழியும். இன்னொரு வாட்டில் கிழிசல் கோணல்மாணலாக எங்கெங்கோ ஓடும். ஒரே தாள்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

தாள் என்பது செல்லுலோஸ் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படுகை. ஆலையில் மரக்கூழை நிறையத் தண்ணீரில் கரைத்து, வேகமாக ஓடும் சல்லடைப் பட்டையின் மேல் ஊற்றுவார்கள். பட்டை ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகும் அவை அப்படியே இருக்கும். அதனால் ஆலைத்தாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் கிழித்தால் நார்களுக்கு நடுவே வழி கிடைத்துவிடுகிறது. குறுக்கே கிழித்தாலோ நார்களை அறுத்துக்கொண்டு போக வேண்டும்.

காகித வேலை செய்கிற எல்லாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கெட்டி அட்டையில் வாழ்த்து அட்டை செய்து மடித்தால், மடிப்பு சில சமயம் சொரசொரப்பாக வெடித்து நிற்கும். நார்களைக் குறுக்கே மடித்ததுதான் காரணம். திசையைக் கண்டுபிடிப்பது எளிது. சார்ட் அட்டையிலிருந்து ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள், ஒன்று நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பிறகு மேல்கீழாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு நிலையில் கீழே உள்ள பட்டை தனியாகத் தொங்கி, நடுவே இடைவெளி தெரியும். தொங்குகிற பட்டையில் நார்கள் குறுக்கே கிடக்கின்றன. விறைப்பாக நிற்பதில் அவை நீளவாக்கில் ஓடுகின்றன.

நாருக்குக் குறுக்கேதான் மடித்தாக வேண்டும் என்றால், மடிக்கும் முன் கோட்டை அழுத்திவிட வேண்டும். இதற்காகவே எலும்பில் செய்த மழுங்கல் கருவி கடைகளில் உண்டு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் அந்த வேலையை அழகாகச் செய்யும். ஸ்கேலை வைத்து, அதை ஒட்டிப் பேனாவை அழுத்தி இழுத்தால், கோட்டின் அடியில் உள்ள நார்கள் நசுங்கி இளகிவிடும். மடிப்பு நீங்கள் சொன்ன இடத்தில் விழும்.

இனி துணிக்கு வருவோம். கிராஸ் ஸ்டிட்ச் போட மேட்டி துணி அல்லது ஐடா துணி வாங்குவோம். இழைகள் கற்றைகற்றையாக ஓடிச் சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்யப்பட்ட துணி அது. கட்டத்தின் நாலு மூலையிலும் ஊசி நுழைய வழி இருக்கும். வழி ஏற்கெனவே இருப்பதால் கூர்முனை ஊசி வேண்டாம், மழுங்கிய முனை ஊசியே நல்லது. கூர்முனை இழையைக் குத்திப் பிளந்துவிடும். ஐடாவில் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளது மிகப் பரவலானது. ஒரு கட்டம் 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 70 கட்ட அகலத்தில் நீங்கள் வரைந்த படம் இதில் 5 அங்குலமாக வரும். கடையில் விற்கும் நூலில் 6 இழைகள் சேர்ந்திருக்கும். இந்தத் துணிக்கு அதிலிருந்து 2 இழையைப் பிரித்தெடுத்தால் போதும்.

அந்த நூல் ஏன் பளபளக்கிறது தெரியுமா? சாதாரணப் பருத்தி நாரை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய நாடாபோலத் தட்டையாக இருக்கும். 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், எரிசோடாக் கரைசலில் நனைத்தால் அந்த நார் உப்பி உருண்டையாகிவிடுவதைக் கண்டார். 1890-ல் ஹோரஸ் லோ என்பவர், துணி சுருங்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டே இதைச் செய்தார். பட்டுப்போன்ற பளபளப்பு அப்போதுதான் வந்தது. இந்தப் பளபளப்பு உங்கள் தையலுக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. ஒவ்வொரு எக்ஸ் குறியிலும் மேலே வரும் சாய்வுக்கோடு ஒரே பக்கமாகச் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் அது ஒளியை வேறு பக்கம் அனுப்பும். நிறம் ஒன்றே ஆனாலும் அந்தக் கட்டம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

படம் வரையக் கிராஃப் தாளும் வண்ணப் பென்சிலும் போதும். கட்டத்தில் வட்டம் வருமா? வரும். ஏழு வரிசை எடுத்து 3, 5, 7, 7, 7, 5, 3 என்று நடுவில் அமையும்படி நிரப்புங்கள், மொத்தம் 37 தையல். கிட்டே பார்த்தால் படிக்கட்டு, தள்ளி நின்றால் உருண்டைப் பழம்! நம் கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடச் சின்ன கோணத்தைப் பிரித்தறிவது கடினம். அந்தக் கணக்குப்படி 14 கட்டத் துணியின் கட்டங்கள் ஏறத்தாழ 6 மீட்டர் தூரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றித் தைத்துவிட்டு அவ்வளவு தூரம் போய்ப் பாருங்கள், ஆரஞ்சு தெரியும்.

உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் தைக்கலாம். 'ட', 'ப' எல்லாம் நேர்கோடுகள், ஐந்து கட்ட அகலமே தாராளம். 'இ', 'ஞ' என்று தொடங்கும் பெயர்க்காரர்களுக்குக் கட்டம் நிறைய வேண்டும், ஆனால் வளைவுகளைக் கட்டத்துக்குள் கொண்டுவரும் சுகம் அவர்களுக்குத்தான். நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் படமே வரையாமல், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியெண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் கோலங்கள் தைக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அந்தக் கணக்கு முழுவதும் அவர்கள் மனதிலேயே இருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாளும் துணியும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: அட்டையிலேயே கிராஸ் ஸ்டிட்ச் போடலாம். அட்டையின் மேல் கிராஃப் தாளை ஒட்டாமல் வைத்து, அடியில் ரப்பர் விரிப்போ தடித்த தெர்மாகோலோ கொடுத்து, கட்டங்களின் மூலைகளில் குண்டூசியால் துளையிடுங்கள். துளைகளை 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கினால் என்ன ஆகும்? தபால்தலையைக் கவனியுங்கள். 1854 வரை பிரிட்டனில் தபால்தலைகளைக் கத்தரித்துத்தான் பிரித்தார்கள். வரிசையாகத் துளை போட்ட தாள்கள் வந்த பிறகு கையாலேயே கிழிக்க முடிந்தது. நெருக்கமாகத் துளையிட்டால் உங்கள் அட்டையும் அதேபோலக் கிழிந்துவிடும். அதனால் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், நூலை இறுக்கி இழுக்காதீர்கள். இடைவெளி பெரிது என்பதால் இங்கே 6 இழையையும் பிரிக்காமல் தைக்கலாம்.

பின்பக்கம் முடிச்சுப் போட்டால் அட்டை புடைக்கும். நூல் முனையை மற்றத் தையல்களுக்கு அடியில் நுழைத்து நறுக்கிவிட்டு, மேலே ஒரு தாள் ஒட்டுங்கள். பசையின் ஈரத்தில் நார்கள் நீளத்தைவிடத் தடிமனில்தான் அதிகம் உப்பும். அதனால் அட்டை வளையாமலிருக்க, அதன் நார்த்திசையும் ஒட்டும் தாளின் நார்த்திசையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இரவு முழுக்கக் கனமான புத்தகத்தின் அடியில் வைத்துவிடுங்கள்.