கடைசி பேட்ச், முதல் பேட்ச்

ஒரு பாடப்பிரிவை மூடும்போது கல்லூரி வாசலில் யாரும் பலகை வைப்பதில்லை. அடுத்த வருட நோட்டீஸில் ஒரு வரி குறைந்திருக்கும், அவ்வளவுதான். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் ஹால் டிக்கெட், அரியர் விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல் என்று காலம் தள்ளியவள் நான். கொரோனா வருடமான 2020-ல் முதலாண்டு மாணவர் பட்டியல் வந்தபோது அதில் மெக்கானிக்கல் தாள் இல்லை. அந்த இடத்தில் ‘ஏஐ அண்ட் டிஎஸ்’ என்று புதுத் தாள் ஒன்று இருந்தது. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த பி.டெக். படிப்பு. எங்கள் கல்லூரியில் மெக் மூடியது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

கல்லூரி நினைத்தால் ஒரு துறையை மூடிவிடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். நினைத்தால் மட்டும் போதாது. ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி வேண்டும், இணைப்பு கொடுத்த பல்கலைக்கழகத்தின் சம்மதமும் வேண்டும். ஆனால் மூடச் சொல்லித் தூண்டுவது வெறும் கணக்கு. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி. வருடத்துக்கு 60 இடம் என்றால் நான்கு வருடத்துக்கு 240 பேர், 12 ஆசிரியர்கள். கவுன்சலிங் முடிந்து அந்த 60-ல் பத்துப் பேர்கூட வராத துறைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுக்கோ கேட்பவர் அதிகம், தொடங்கும் செலவு குறைவு. லேத் வேண்டாம், பாய்லர் வேண்டாம். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏஐசிடிஇ எடுத்தும்விட்டது. கணக்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

சேர்க்கை நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் படித்து முடிக்கலாம். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகள் வழக்கம்போல நடக்கும். மூடிய துறையில் வாங்கிய பட்டம் செல்லாது என்று ஊரில் ஒரு புரளி உண்டு. அது பொய். பட்டம் தருவது பல்கலைக்கழகம். துறை பின்னால் மூடப்பட்டது என்று எந்தச் சான்றிதழிலும் எழுத மாட்டார்கள்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் கிளம்புவது ஆசிரியர்கள். அதிலும் வெளியே வேலை கிடைக்கக்கூடிய நல்ல ஆசிரியர்கள்தான் முதலில். அதன்பிறகு விருப்பப் பாடம் என்பது பெயருக்குத்தான்: எந்தப் பாடம் நடத்த ஆள் இருக்கிறதோ அதுவே எல்லோருடைய விருப்பமும். எங்கள் கல்லூரியில் முதலாண்டுப் பயிற்சிக்குத் தேவை என்பதால் ஒர்க்‌ஷாப்பை விட்டுவைத்தார்கள். தெர்மல் லேபில் இருந்த எஞ்சின்கள் பழைய இரும்புக்கடைக்குப் போயின. பிறகு அந்த லேபில் அரியர் வைத்திருந்தவர்கள் செய்முறைத் தேர்வுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு பஸ் ஏறினார்கள்.

எனக்கு அதிகம் உறுத்தியது இன்னொரு விஷயம். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். உடல்நலக் குறைவு போன்ற காரணம் இருந்தால் 65 வரை சலுகை உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். கடைசி பேட்ச்சுக்கு ஜூனியர் ஏது? எங்கள் கடைசி மெக் பேட்ச்சில் ஒரு பையன் பைக் விபத்தில் கால் முறிந்து ஆறாம் செமஸ்டரில் பாதி நாள் வரவில்லை. குணமாகித் திரும்பியபோது அவன் உட்கார வகுப்பு இல்லை. வேறு கல்லூரிக்கு மாற வேண்டும் என்றால் அங்கே காலியிடம் இருக்க வேண்டும், இரண்டு கல்லூரியும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குமேல் அனுமதி வர வேண்டும். ஃபைல் நகர்ந்த வேகத்தைச் சொல்லாமல் விடுகிறேன். அவன் அம்மா என் ஜன்னலுக்கு முன்னால் நின்று, “வூட்டுக்குப் பக்கம்னுதானுங்க மேடம் இங்க சேர்த்தோம். இப்ப ஆஸ்டலுக்குப் பணங் கட்டச் சொல்றாங்க” என்றார். கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் சொல்லும் அதிகாரம் தேர்வுப் பிரிவுக்குக் கிடையாது.

அரியர் கதை இன்னும் நீளம். நான்கு வருடப் படிப்பை முடிக்க அதிகபட்சம் ஏழு வருடம் உண்டு. சில சமயம் அதற்கும் மேலே போகும். 2001-02 முதல் அரியர் வைத்திருந்தவர்களுக்குக்கூட 2021-ல் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்புக் கொடுத்தது. நரைத்த தலையோடு வந்து விண்ணப்பம் வாங்கிப்போனவர்களை எனக்கு நினைவிருக்கிறது. கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிடும். சந்தேகம் கேட்கத்தான் துறையே இல்லை.

புதுப் பிரிவின் முதல் பேட்ச்சுக்கு நேர்மாறான நிலைமை. நிர்வாகம் அவர்களைப் புது மாப்பிள்ளை போலக் கவனிக்கும்: ஏசி லேப், வெளியூர் விருந்தினர், எதற்கெடுத்தாலும் போட்டோ. சீனியர் மட்டும் கிடையாது. பழைய கேள்வித்தாள் இல்லை, நோட்ஸ் இல்லை, எந்தப் பேப்பரில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்ல விடுதியில் ஆள் இல்லை. 2020-ல் ஏஐ அண்ட் டிஎஸ் சேர்ந்தவர்கள் 2017 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் படித்தார்கள். அடுத்த வருடமே 2021 ஒழுங்குமுறை வந்துவிட்டதால், அவர்கள் சிரமப்பட்டுச் சேர்த்த நோட்ஸ் ஜூனியர்களுக்கு முழுதாக உதவவில்லை. பாடம் நடத்தியவர்களில் கணிதத் துறையினரும் உண்டு, குறுகிய காலப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த மற்ற துறையினரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் பாடம் எடுத்தவர்கள் அவர்கள்.

தரச் சான்று தரும் என்பிஏ-விடம் போக வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியேறியிருக்க வேண்டும். ஆக, முதல் பேட்ச் சேரும்போது அந்தப் பிரிவுக்கு என்பிஏ சான்று இருக்கவே முடியாது. ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்று அந்தப் பிரிவுக்கு அச்சடித்தால், இன்னும் ஒருவர்கூடப் படித்து முடிக்காத பிரிவில் யாருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கலாம். அரசு வேலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அறிவிக்கையில் கேட்கும் பட்டத்தின் பெயரும் நம் சான்றிதழில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் இணையானவை என்று அரசாணை இருக்க வேண்டும். மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்விலும் இதே கதைதான்: தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமான தனித் தாள் 2024-ல்தான் வந்தது. முதல் பேட்ச் அப்போது நான்காம் ஆண்டில் இருந்தது, தப்பித்தார்கள்.

இது தனியார் கல்லூரி வியாபாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதம் தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பு, மத்திய அரசு நிதியில் நடக்கும் இரண்டு எம்.டெக். உயிரித் தொழில்நுட்பப் படிப்புகளில், இட ஒதுக்கீடு மத்திய அரசு முறையிலா மாநில முறையிலா என்ற இழுபறியில் 2020-21 சேர்க்கையே நின்றுபோனது. மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 பிப்ரவரியில் சேர்க்கை நடத்த உத்தரவு வந்தது. வாய் திறந்தவர்களுக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

புதுப் பிரிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் பேட்ச்சில் பலர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை உறுதி செய்வதற்கு முன்னால், கல்லூரிக்கு ஒரு முறை நேரில் போய்வாருங்கள். அந்தப் பிரிவில் கடந்த மூன்று வருடமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பாடம் நடத்துபவர்கள் எந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்கள் என்று கேளுங்கள். நடுவில் துறையை மூடினால், உடம்பு சரியில்லாமல் ஒரு செமஸ்டர் தவறும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். பதிலை முதல்வர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். தர மறுக்கும் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.