ரத்தம் கசிகிறது, குற்றவாளி குழாயில் இல்லை

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்த பன்றியை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் தேடுவது மண்ணீரலை. அது பல மடங்கு வீங்கி, கறுத்து, தொட்டால் பிய்ந்துவிடும்போல இருக்கும். நிணநீர்க் கணுக்கள் ரத்தக்கட்டிகளாகவே மாறியிருக்கும். சிறுநீரகத்தில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். காதும் வயிறும் நீலம் பாரித்திருக்கும்.

வைரஸ் ரத்தக் குழாய்களை நேராகத் தாக்கிச் சிதைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் நோயின் தொடக்கத்தில் ரத்தம் கசியும் இடங்களை ஆராய்ந்தபோது, குழாயின் உட்சுவர் செல்களில் வைரஸ் பெரும்பாலும் தென்படவில்லை. அவற்றுக்குள் அது பெருகுவது நோய் முற்றிய பிறகுதான்.

அது முதலில் நுழைவது மேக்ரோபேஜ் செல்களுக்குள். கிருமிகளை விழுங்கிச் செரிக்க உடல் நிறுத்தியிருக்கும் காவலர்கள் அவை. பாதிக்கப்பட்ட மேக்ரோபேஜ்கள் சைட்டோகைன் எனும் அழற்சிப் புரதங்களை அளவில்லாமல் கொட்டுகின்றன. அந்தச் சமிக்ஞையில் உட்சுவர் செல்கள் தூண்டப்பட்டு, அவற்றின் பிணைப்பு தளர்கிறது. நீரும் ரத்தமும் கசிகின்றன. நுண்குழாய்களில் ஆங்காங்கே ரத்தம் உறைகிறது. அதிலேயே தட்டணுக்களும் உறைதல் காரணிகளும் தீர்ந்துபோவதால், பிறகு கசியும் ரத்தத்தை நிறுத்த ஆளில்லை. லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்களின் கதை இன்னும் விசித்திரம்: வைரஸ் அவற்றைத் தொடுவதே இல்லை, ஆனாலும் இதே புரதங்களின் தூண்டுதலில் கூட்டங்கூட்டமாக மடிகின்றன.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் வைரஸ் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கொரோனா வைரஸின் மரபுச் சரத்தில் சுமார் 30,000 எழுத்துகள். இதில் 1,70,000-க்கும் மேல். அந்தப் பெரிய மூட்டையில் இன்டர்ஃபெரானை, அதாவது உடலின் முதல் அபாய அறிவிப்பை, அடக்குவதற்கென்றே பல மரபணுக்கள் உண்டு. சிடி2வி என்ற புரதமோ பாதிக்கப்பட்ட செல்களைச் சுற்றிச் சிவப்பணுக்களை ஒட்டவைக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் வார்த்தாக் காட்டுப்பன்றி இதே வைரஸைச் சுமந்துகொண்டு நோய்வாய்ப்படாமல் திரிகிறது. கென்யாவில் குடியேறிய ஐரோப்பியர்களின் பன்றிகள் கொத்துக்கொத்தாக மடிந்தபோதுதான் இந்நோய் தெரியவந்தது. அதை முதலில் விவரித்த கால்நடை மருத்துவர் மாண்ட்கோமரியின் அறிக்கை வெளியான ஆண்டு 1921.

தடுப்பூசிக்கு இவ்வளவு காலம் பிடித்ததிலும் வியப்பில்லை. எதிர்ப்பொருள்கள் உருவானாலும் இந்த வைரஸை முழுதாக முடக்குவதில்லை. 1960-களில் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வலுவிழந்த வைரஸை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பல பன்றிகளுக்கு நுரையீரல் அழற்சியும் தோல் புண்ணும்தான் மிச்சம். ஐ177எல் என்ற ஒரே மரபணுவை நீக்கித் தயாரித்த ஊசிக்கு 2022-இல் வியட்நாம் அனுமதி கொடுத்தது. சில மாதங்களிலேயே பன்றிகள் செத்ததால் தற்காலிகமாக நிறுத்தி, 2023-இல் மீண்டும் வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்தது.

மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் மனிதர்தான் இதைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்துகிறார்கள்: பதப்படுத்திய பன்றி இறைச்சியில் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். 1957-இல் லிஸ்பனுக்கு வந்தது விமான நிலைய உணவுக் கழிவைத் தின்ற பன்றிகள் வழியாக. இந்தியாவில் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தொடங்கியது, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை எட்டிவிட்டது. நம் பண்ணைகளில் நோய் உறுதியானால், ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகளை அழிப்பதே இன்றைய நடைமுறை.