ஹைட்ராலிக் வின்ச்

ஹைட்ராலிக் வின்ச் என்பது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கி, உருளை ஒன்றில் கம்பிவடத்தைச் சுற்றிப் பாரத்தை இழுக்கும் பொறி ஆகும். சேற்றில் புதைந்த அல்லது கவிழ்ந்த வாகனங்களை மீட்கும் கனரக லாரிகளில் இது பயன்படுகிறது. நாட்பட்ட பயன்பாட்டில் இதன் இழுவிசை குறைவதுண்டு. குறை எண்ணெயின் அழுத்தத்தில் உள்ளதா, ஓட்டத்தில் உள்ளதா, அல்லது இயந்திரப் பகுதியில் உள்ளதா எனப் பிரித்தறிவதே பழுதறிதலின் முதற்படி ஆகும்.

இயங்கும் விதம்

லாரியின் கியர் பெட்டியுடன் இணைந்த, பி.டி.ஓ. எனப்படும் விசை எடுப்பான் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, கட்டுப்பாட்டு வால்வு வழியாக ஹைட்ராலிக் மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டாரின் சுழற்சி, பற்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்டு உருளையை அடைகிறது. பெரும்பாலான வின்ச்களில் சுருள்வில்லால் பிடிக்கப்பட்டு, எண்ணெய் அழுத்தத்தால் விடுபடும் பிரேக் உள்ளது. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் நிவாரண வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும்.

அழுத்தமும் ஓட்டமும்

மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தைப் பொறுத்தது. வேகம் எண்ணெயின் ஓட்டத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு சுற்றுக்கு 160 கன செ.மீ. எண்ணெய் கொள்ளும் மோட்டார், 140 பார் அழுத்தத்தில் கோட்பாட்டளவில் சுமார் 357 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும். அழுத்தம் 105 பாராகக் குறைந்தால் இது சுமார் 267 ஆகிவிடும். அதாவது கால் பங்கு இழப்பு. மாறாக, அழுத்தம் மாறாமல் ஓட்டம் நிமிடத்திற்கு 80 லிட்டரிலிருந்து 40 ஆகக் குறைந்தால், வேகம் பாதியாகுமே தவிர இழுவிசை குறையாது. எனவே "மெதுவாக இழுக்கிறது", "இழுக்கவில்லை" என்பன இரு வேறு குறைகள்.

வடத்தின் அடுக்குகள்

வின்ச்சில் குறிக்கப்படும் இழுவிசை, உருளையின் முதல் அடுக்கு வடத்திற்கு உரியது. அடுக்குகள் கூடக்கூட ஆரம் கூடி, இழுவிசை குறைகிறது. ஆரம் 12 செ.மீ.யிலிருந்து 18 செ.மீ. ஆனால், 10 டன் இழுக்கும் வின்ச் ஏறத்தாழ 6.7 டன் மட்டுமே இழுக்கும். இது பழுதன்று. வடத்தை மேலும் வெளியே விட்டு இழுத்தால் விசை மீளும். ஆயினும் உற்பத்தியாளர் குறிப்பிடும் குறைந்தபட்சச் சுற்றுகள் உருளையில் எஞ்சியிருக்க வேண்டும். பாரத்தில் ஒரு கப்பியைப் பொருத்தி வடத்தை இரட்டிப்பதால் இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகி, வேகம் பாதியாகும்.

பாரத்தையும் கணக்கிட வேண்டும். 30 பாகைச் சரிவில் நிற்கும் 10 டன் வாகனத்தை மேலே இழுக்க, உராய்வு நீங்கலாகவே 5 டன் விசை தேவை. சேற்றின் பிடி இதற்கு மேலும் கூடும்.

பழுதறியும் முறை

1. தொட்டியில் எண்ணெயின் அளவு, நிறம், நுரை ஆகியவை பார்க்கப்படுகின்றன. பால் போன்ற நிறம் நீர் கலந்ததையும், நுரை காற்று நுழைவதையும் காட்டும். பம்பு இரைந்தால், உறிஞ்சு குழாயோ வடிகட்டியோ அடைபட்டிருக்கலாம்.

2. அதே பம்பால் இயங்கும் கிரேன் போன்ற பிற கருவிகளும் தளர்ந்திருந்தால், குறை பம்பு போன்ற பொதுவான பகுதியில் உள்ளது. வின்ச் மட்டும் தளர்ந்தால், குறை அதன் கிளையில் உள்ளது.

3. மோட்டாரின் நுழைவாயிலில் அழுத்தமானி பொருத்தி, பாரத்துடன் இழுத்துப் பார்க்கப்படுகிறது.

* அழுத்தம் குறித்த அளவை எட்டியும் இழுக்கவில்லையெனில், முழுதும் விடுபடாத பிரேக், பழுதான பற்சக்கரம், அடைபட்ட திரும்பு குழாய் அல்லது மிகையான பாரம் காரணமாகலாம். பிரேக் உராய்ந்தால் அதன் உறை வழக்கத்தை மீறிச் சூடாகும்.
* அழுத்தம் எட்டவில்லையெனில், நிவாரண வால்வில் தூசு சிக்கியிருக்கலாம், அதன் சுருள்வில் தளர்ந்திருக்கலாம், அல்லது பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கலாம்.
* குளிர்ந்த நிலையில் நன்கு இழுத்து, சூடானபின் தளர்ந்தால், தேய்ந்த இடைவெளிகள் வழியே எண்ணெய் உள்ளே கசிவதை அது குறிக்கும். சூடேறும் எண்ணெய் நீர்த்துப்போவதால் கசிவு கூடுகிறது.

நிவாரண வால்வை இறுக்குதல்

தளர்ந்த வின்ச்சுக்கு உடனடி மருந்தாக நிவாரண வால்வின் திருகை இறுக்குவது ஆபத்தானது. பம்பு தேய்ந்திருந்தால் அதனால் பயன் இராது. பம்பு நன்றாக இருந்தால், வடம், கொக்கி, பற்சக்கரம் ஆகியவை தாங்கும் அளவை மீறிய விசை உருவாகலாம். உற்பத்தியாளர் தரும் அளவுக்கு, அழுத்தமானியைப் பார்த்தே திருகைச் சரிசெய்ய வேண்டும்.

பாதுகாப்பு

இறுகிய கம்பிவடம் அறுந்தால் சாட்டை போல் பின்வீசும். ஆதலால் அதன் நெடுகிலோ, கப்பியில் அது வளையும் கோணத்தின் உட்புறத்திலோ எவரும் நிற்கலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் இக்காயத்திற்கு உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். எனவே கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல், அட்டைத் துண்டால் சோதிக்க வேண்டும். குழாய்களைக் கழற்றுமுன் பாரத்தை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுவது இன்றியமையாதது.