ரேமில் இருக்கும் அச்சு வேலை!

துவாக்குடியில் பக்கத்து வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரைத் தூசி தட்டத் திறந்தேன். ரேமின் தங்க நிறக் கால்களுக்கு மேலே வரிசையாக இருந்த கறுப்புப் பொடிகளைக் காட்டி, "இது என்ன சார்?" என்றார்.

அவை ரெசிஸ்டர்கள். பழைய ரேடியோவில் வண்ண வளையங்களோடு பார்த்திருப்பீர்கள். இவை அச்சடித்தவை! கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறார்களே, அதே முறைதான். ருத்தேனியம் ஆக்சைடு கலந்த பசையை அலுமினா என்ற பீங்கான் தகட்டில் வலை வழியாகப் பூசி, சுமார் 850 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். பிறகு லேசரால் கீறுவார்கள். கீறினால் பாதை குறுகி ஓம் ஏறும், இறக்க வழியில்லை. அதனால் முதலில் சற்றுக் குறைவாகவே அச்சடிப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

ஏன் இந்தப் பாடு? பழைய ரெசிஸ்டரின் நீண்ட கால்களும் திருகு வெட்டும் அதிக அலைவரிசையில் காயில் போல வேலை செய்து சிக்னலைத் தடுக்கும். தட்டையான அச்சில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ரேமுக்கு வேகமாக ஓடிவரும் சிக்னல் எதிரொலித்துக் குழம்பாமல் இருக்க இவை உதவுகின்றன.

மதர்போர்டில் உள்ள சற்றுப் பெரிய ரெசிஸ்டர்களில் எண் இருக்கும். மூன்று இலக்கம் என்றால், கடைசி இலக்கம் பூஜ்யங்களின் எண்ணிக்கை. 103 என்றால் 10,000 ஓம். 220 என்றால் வெறும் 22 ஓம்.

ரேமை ரப்பரால் துடைக்கும்போது கால்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பொடிகளில் ஒன்று பெயர்ந்தாலும் கம்ப்யூட்டர் 'பீப்' ஒலியோடு நின்றுவிடலாம்.