நிறுவனப் பெயர் ஊர்ப்பெயராதல்: திருவொற்றியூர் வட்டாரப் பெயர்கள் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நிறுவனம் மறைந்த பின்னும் அதன் பெயர் மறைவதில்லை. அது வணிக உடைமையாகக் கைமாறலாம். மக்கள் வழக்கில் ஊர்ப்பெயராகவும் நிலைபெறலாம். திருவொற்றியூர் வட்டாரத்தில் வழங்கும் விம்கோ நகர், காலடிப்பேட்டை, ஒற்றியூர் ஆகிய மூன்று பெயர்களைக் கொண்டு, பெயரின் காரணம் மறையும்போது நிகழும் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, இடுகுறிப்பெயர், காரணப்பெயர், மெய்ம்மயக்கம், மக்கள் சொற்பிறப்பு

முன்னுரை

சென்னை மெட்ரோ இரயிலின் வடக்கு நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அத்தடத்தில் செல்பவர் காலடிப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்னும் பெயர்ப்பலகைகளைக் காண்கிறார். இவற்றுள் முதலாவது பெயர் எவருக்கும் எளிதில் பொருள் தருவது போலத் தோன்றும். இரண்டாவது பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. மூன்றாவதற்குத் தமிழில் பொருளே இல்லை. ஆனால் இத்தோற்றம் உண்மை நிலைக்கு மாறானது. காரணம் உறுதியாக அறியப்பட்ட பெயர் விம்கோ. பொருள் தெளிவாகத் தோன்றும் காலடிப்பேட்டையோ தன் காரணத்தை மறைத்து நிற்பது. இம்முரண்பாடே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

உடைமையாகும் பெயர்

வணிக உலகில் பெயர் என்பது விற்கவும் வாங்கவும் கூடிய பொருள். 1972இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அட்டாரி என்னும் நிகழ்பட விளையாட்டு நிறுவனம், ‘கோ’ எனப்படும் பலகையாட்டத்தின் ஜப்பானியக் கலைச்சொல்லைத் தன் பெயராகக் கொண்டது. அடுத்த நகர்த்தலில் காய் பிடிபடக்கூடிய நிலையை அச்சொல் குறிக்கும். 1984இல் அந்நிறுவனம் பிரித்து விற்கப்பட்டது. அதன்பின் பெயர் மட்டும் பலர் கைக்கு மாறி இன்றும் வழங்குகிறது. அதைச் சொல்வோருள் பெரும்பாலோர் பலகையாட்டத்தை அறியார்.

திருவொற்றியூரிலும் இதற்கு இணையான சான்று உண்டு. என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தின் மிடில்செக்சு பகுதியைச் சேர்ந்த ஓர் ஊர். அங்கிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் தொடர்பால் ரெட்டிச்சு நகர நிறுவனம் ஒன்று அப்பெயரை ஏற்றது. 1955இல் மெட்ராசு மோட்டார்சு நிறுவனத்துடன் அது செய்துகொண்ட கூட்டு முயற்சியால் பெயர் திருவொற்றியூர் வந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றபின்னும் இங்கே அது தொடர்ந்தது. ஊர்ப்பெயர் நிறுவனப் பெயராகிக் கடல் கடந்த வரலாறு இது. இதன் மறுதலையாக, நிறுவனப் பெயர் ஊர்ப்பெயரானதற்கு விம்கோ நகர் சான்றாகும்.

காரணம் இழந்த பெயர்: விம்கோ

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் விம்கோ. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1923இல் இது தோன்றியது. 2005இல் ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு மாறியது. பின்னர் இதன் தீப்பெட்டித் தொழில் அக்குழுமத்துடன் இணைந்தது. ஆனால் ஆலையைச் சூழ்ந்த குடியிருப்பும் இரயில் நிலையமும் பெற்ற பெயர் மாறவில்லை.

பெயரின் விரிவைப் பொருளோடு நோக்கினால் ஒரு பொருத்தமின்மை புலப்படும். ‘மேற்கிந்தியா’ என்று தொடங்கும் பெயர் கிழக்குக் கடற்கரையில் வழங்குகிறது. விரிவு நினைவிலிருந்து நீங்கியதால் இது எவருக்கும் உறுத்துவதில்லை. நன்னூலார் வகைப்பாட்டின்படி நோக்கினால், பிறப்பில் காரணப்பெயராக இருந்தது வழக்கில் இடுகுறியாகிவிட்டது.

ஒலியமைப்பிலும் இப்பெயர் கருதத்தக்கது. தமிழ் மெய்ம்மயக்க விதிப்படி ஒருசொல்லினுள் மகரமெய் ககரத்தோடு மயங்காது. மரம் என்பது ‘கள்’ விகுதியோடு சேர்கையில் மரங்கள் ஆவது போல இன மெல்லெழுத்தாகத் திரியும். அம்மரபு நோக்கின் இப்பெயர் ‘விங்கோ’ ஆதல் வேண்டும். எழுத்து வழக்கில் அது திரியாமல் நிற்பதற்கு ஆலைப்பலகை, நிலையப்பலகை, பயணச்சீட்டு ஆகியவற்றின் வழியாக அது எழுத்துருவில் நிலைபெற்றதே காரணம் எனக் கருதலாம்.

காரணம் ஏற்ற பெயர்: காலடிப்பேட்டை

1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர் குடியிருப்பொன்றை அமைத்தார். காலெட் பேட்டை என்பதே காலடிப்பேட்டை ஆயிற்று. காலாடிப்பேட்டை என எழுதுவோரும் உளர். டாக்டர், காலேஜ், காபி முதலிய சொற்களிற் போலவே ஆங்கில முதலுயிர் இங்கும் ஆகாரமாகியுள்ளது. இது இயல்பான ஒலிமாற்றம். ஆனால் ‘எட்’ என்னும் இறுதி ‘அடி’ ஆனதை ஒலியியல் ஒன்றால் விளக்க இயலாது. ‘காலடி’ என்னும் பழகிய சொல்லின் ஈர்ப்பே அதனைத் திரித்தது. விம்கோ எழுத்தின் வழியே வந்தது. காலெட் செவியின் வழியே வந்தது. செவிவழி வந்த அயற்பெயரைப் பொருளுடைய சொல்லாக்கிக்கொள்வதே மக்கள் சொற்பிறப்பு.

காரணம் பெருகிய பெயர்: ஒற்றி

தேவார மூவரும் பாடிய தலத்தின் பெயர் இவ்விரண்டிற்கும் வேறானது. ஒற்றுதல் என்னும் வினை தமிழ்வேரினது. பொருள் மறையவில்லை, பலவாக விரிந்தது. ஊழிவெள்ளத்தை ஒற்றி விலக்கிய ஊர் என்பது தலமரபு. ஈட்டுப்பொருளை அனுபவிக்கும் உரிமையுடன் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பதும் ஒற்றி. பேச்சுவழக்கில் இது ஒத்தி. ஈடுவைத்த ஊர் எனப் பொருள்படும் சிலேடைக்கு இதுவே இடந்தந்தது. இராமலிங்க அடிகளின் இங்கிதமாலை இதனை நன்கு பயன்கொண்டது. இங்கே இலக்கியமே பெயரின் காரணங்களைப் பெருக்கி, அவற்றைக் காத்தும் வந்துள்ளது.

முடிவுரை

எல்லாச் சொல்லும் பொருள் குறித்தன என்ற தொல்காப்பியர், பொருளுக்கான காரணம் வெளிப்படத் தோன்றாது என்றும் எச்சரித்தார். ஊர்ப்பெயராய்வுக்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. பொருள் தெளிவாகத் தோன்றுதல் தமிழ்ப்பிறப்புக்குச் சான்றன்று என்பதைக் காலடிப்பேட்டை காட்டுகிறது. விம்கோவின் விரிவு பதிவு செய்யப்படாது போயின், ‘விம்மு’ என்னும் வினையையும் அரசனைக் குறிக்கும் ‘கோ’வையும் இணைத்துப் பின்னாளில் ஒருவர் விளக்கம் தரக்கூடும். அவ்விளக்கம் வரலாற்று அளவில் முற்றிலும் பொய்யாக இருக்கும்.

ஒற்றி என்னும் சொல்லே இப்பெயர்களின் நிலையை விளக்கப் போதுமானது. நிறுவனங்கள் விட்டுச்சென்ற பெயர்களை மக்கள் ஒற்றியாகப் பெற்று அனுபவித்து வருகின்றனர். மீட்க உரியவர் இனி வாரார். ஆலையின் பெயர்க்காரணத்தை அறிந்த தொழிலாளர் வாழும் காலத்திலேயே வடசென்னையின் தொழிற்சாலைப் பெயர்கள் களஆய்வில் தொகுக்கப்பட வேண்டும். பெயர்ப்பலகை பெயரைக் காக்கும். அதன் காரணத்தைக் காப்பது ஆய்வாளர் கடமை.